பெயர் சொன்னால் கதவு திறக்கலாமா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு. பழைய எக்சஸ் அட்டை முறையை மாற்றப் போகிறோம். முகம் பார்த்துத் திறக்கும் கதவு, கைப்பேசி ஆப், ஸ்மார்ட் பூட்டு, வாகன நிறுத்துமிடத்தில் இணையக் கேமரா என்று ஒரு நிறுவனம் மொத்தமாக விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டது, பயமே வேண்டாம் என்கிறார்கள். வருகிறவர் அந்த ஆள்தானா, மாட்டுகிற கருவி நம்பக்கூடியதுதானா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையின் டெஸ்ட் பிரிவில் 7 ஆண்டு இருந்தேன். அப்புறம் கோலாலம்பூரில் கதவு, கேமரா வேலையில் 14 ஆண்டு. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

புதியதைப் பேசுவதற்கு முன் உங்கள் கையில் இப்போது இருக்கிற அட்டையைப் பாருங்கள். கொஞ்சம் தடித்த வெள்ளை அட்டை, அல்லது சாவிக்கொத்தில் தொங்குகிற நீலச் சொட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக். பழைய குடியிருப்புகளில் பெரும்பாலும் இது 125 கிலோஹெர்ட்ஸ் ரகம். இதற்குள் பேட்டரி இல்லை. ரீடர் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். விழித்ததும் தனக்குள் இருக்கிற ஓர் எண்ணை ஒப்பிக்கும். கேட்பது உங்கள் கதவா, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பையில் வைத்திருக்கும் கருவியா என்பது அதற்குத் தெரியாது. யார் மின்சாரம் கொடுத்தாலும் கிளிப்பிள்ளை மாதிரி அதே எண்ணைச் சொல்லும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு முறை ஒரு வாடிக்கையாளர் குழுவுக்குக் காட்டுவதற்காகவே, அவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு பேரங்காடியின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாவி வெட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒரு கருவியில் அட்டையை வைத்தார். ஒரு பீப். பச்சை விளக்கு. காலி நீலச் சொட்டு ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்தார். இன்னொரு பீப். 15 வெள்ளி. "ரெண்டா போடவா?" என்று கேட்டார். எந்த வீடு, யாருடைய அட்டை என்று கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. திரும்பி வந்து புதுச் சொட்டைக் கதவில் காட்டினேன், திறந்தது. பதிவேட்டில் வந்தது அந்தக் குழுத் தலைவரின் பெயர். அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

நான் சொல்ல வருவதும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதவு பெயரைக் கேட்டது, சான்றைக் கேட்கவில்லை. ஊருக்கே தெரியக்கூடிய ஓர் எண் எப்படி ஒருவரை நிரூபிக்கும்?

நம் மலேசிய அடையாள அட்டையின் ஐசி எண்ணும் அப்படித்தான். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்தநாள் வாழ்த்துப் படத்தைப் பார்த்தே பாதி எண்ணை எழுதிவிடலாம். 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் பதிவுகள் வெளியே கசிந்தபோது, அவற்றோடு பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் போயின. "என் ஐசி எண்ணைச் சரியாகச் சொன்னார், அதனால் வங்கிக்காரர் என்று நினைத்தேன்" என்று ஏமாந்தவர்கள் இன்றும் சொல்வதைக் கேட்கிறேன். உங்கள் காவல் சாவடியில் பெரிய நோட்டில் ஐசி எண்ணை எழுதிக்கொள்வதும் சரிபார்ப்பு இல்லை, வெறும் பதிவு. (வருகிறவரின் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த அதிகாரம் ஜாகாவுக்குக் கிடையாது.) 2001இல் மைகார்டு என்ற இப்போதைய அடையாள அட்டை வந்தபோதே உள்ளே சில்லு, சில்லுக்குள் கட்டைவிரல் ரேகை விவரம் என்று வைத்துவிட்டார்கள். வங்கிக் கவுண்டரில் விரலை வைக்கச் சொல்வது அதனால்தான். உண்மையான சான்று அந்தச் சில்லில் இருக்கிறது. அட்டையின் முகத்தில் அச்சடித்திருக்கும் எண் வெறும் பெயர் மாதிரிதான்.

சரி, சான்று என்றால் என்ன? அட்டையோ கைப்பேசியோ தன்னிடம் ஒரு ரகசியம் இருப்பதைக் காட்ட வேண்டும், ஆனால் அந்த ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது. கதவு ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். அட்டை அந்த எண்ணைத் தன் ரகசியத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பித் தரும். நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்டாலும் நாளைக்கு அந்த விடை உதவாது, நாளைக்குக் கேள்வி வேறு. விற்பனையாளர்கள் 'குறியாக்கம்' என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முக்கால்வாசி நேரம் வேறு எதையோ சொல்கிறார்கள்.

கணக்கு பலவீனமாக இருந்தாலும் பயனில்லை. மைஃபேர் கிளாசிக் என்று ஓர் அட்டை, 1994இல் வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. லண்டன் மக்கள் ரயிலில் தட்டும் ஆயிஸ்டர் அட்டையும் அந்தக் காலத்தில் அதுதான். உள்ளே 48 பிட் சாவி (மேலே சொன்ன ரகசியம் இதுதான்), தயாரிப்பாளர் ரகசியமாக வைத்திருந்த சொந்தக் கணக்குமுறை. 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள். கட்டுரையை வெளியிடக்கூடாது என்று தயாரிப்பாளர் நீதிமன்றம் போனார், நீதிமன்றம் வெளியிடலாம் என்றது. இன்றும் அந்த அட்டை 'பாதுகாப்பான ஸ்மார்ட் அட்டை' என்ற பெயரில் நம் ஊரில் விற்பனையாகிறது. நீங்கள் கேட்க வேண்டியது டெஸ்ஃபயர் என்ற அட்டை ரகம், அதில் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கக் கணக்குமுறை.

ஆனால் நல்ல அட்டை வாங்கிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எந்த ஸ்மார்ட் அட்டைக்கும் ஒரு வரிசை எண் இருக்கும், பலகையில் எழுதிய வீட்டு எண் மாதிரி. கதவு மாட்ட வரும் குத்தகையாளர் அவசரத்தில் ரீடரை அந்த வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டுப் போய்விடுவார். சாவி ஏற்றுவது, ரீடருக்கும் அதே சாவியைக் கொடுப்பது எல்லாம் கூடுதல் வேலை. எண்ணை மட்டும் படித்தாலே கதவு திறக்கிறது, வாடிக்கையாளரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். விலை உயர்ந்த அட்டை, பழைய கிளிப்பிள்ளை வேலை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பதிவு செய்யாத வேறு டெஸ்ஃபயர் அட்டை ஒன்றைக் கொடுத்து, சாவி ஏதும் ஏற்றாமல், அதன் வரிசை எண்ணை மட்டும் கணினியில் சேர்க்கச் சொல்லுங்கள். கதவு திறந்தால், உங்கள் கதவு சான்று கேட்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, ரீடருக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் கம்பி. பழைய முறைக்கு வீகண்ட் என்று பெயர். ரீடர் படித்த எண்ணை 26 பிட்டாக, எந்தப் பூட்டும் இல்லாமல், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். அதில் அட்டை எண்ணுக்கு 16 பிட்தான், அதாவது 65,536 எண்கள். இரண்டு திருகைக் கழற்றி ரீடரை இழுத்தால் கம்பி கையில். அட்டை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விடை சொன்னாலும், கடைசி ஒரு அடியில் எல்லாம் பச்சையாகப் போகிறது. இப்போது ஓஎஸ்டிபி என்ற முறை இருக்கிறது. குறியாக்கத்தோடு, இரண்டு பக்கமும் பேசும். விலைப்புள்ளியில் அந்தச் சொல் இருக்கிறதா, அதன் பாதுகாப்பு வசதி இயக்கப்படுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ரீடரைக் கழற்றினால் மணியடிக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

இனி கருவிகள். ஆளைச் சரிபார்ப்பது பற்றி எல்லோரும் பேசுவோம், கேமராவை யார் சரிபார்ப்பது? 2016இல் மிராய் என்ற நிரல் இணையம் முழுக்கச் சுற்றி, கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளையும் வீட்டு ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. அதன் கையில் இருந்தது பெரிய வித்தை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் பெயர், கடவுச்சொல் சுமார் 60 ஜோடி. 'அட்மின்', '12345', '888888' இந்த மாதிரி. மாட்டியவர் மாற்றாமல் விட்ட கருவியெல்லாம் அதன் படையில் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியது. இணைய முகவரிகளைத் தேடித் தரும் நிறுவனம் அது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவே இல்லை. யாரோ ஒருவர் கடையின் வாசலில் மாட்டிய கேமராவும் அதில் பங்கு கொண்டது, கடைக்காரருக்குத் தெரியாமலே.

இதற்குப் பிறகுதான் அரசாங்கங்கள் விழித்தன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் போட்டு விற்கக்கூடாது என்று சட்டம். பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 2020 அக்டோபரிலிருந்து நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை கொடுக்கிறது. நீங்கள் வாங்கும் கேமராவின் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் நல்லது, சும்மா தேடிப் பார்க்கலாம். நம் ஊரில் பெட்டி மேல் தரச் சோதனை அமைப்பான சிரிமின் ஒட்டுவில்லை இருந்தால் போதும் என்று விற்பனையாளர் சொல்வார். அது வேண்டும்தான். ஆனால் அந்த ஒட்டுவில்லை, கருவி தொடர்புத் தொழில்நுட்பத் தரத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்கிறது. கடவுச்சொல் '12345'ஆ என்பதை அது பார்க்காது.

ஒரு கருவி தன்னை எப்படி நிரூபிக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது என் பழைய வேலை. தொழிற்சாலையில் சில்லு டெஸ்ட் மேசையில் இருக்கும்போதே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ரகசியச் சாவியை உள்ளே எழுதலாம். எழுதிய பிறகு படிக்கும் வழியை மின் உருகி போல எரித்து அடைத்துவிடுவோம். வெளியிலிருந்து யாரும் அதைப் படிக்க முடியாது. சில்லு அதை வைத்துக் கையெழுத்து மட்டும் போடும். கூடவே, 'இந்தச் சாவிக்குரியது எங்கள் தயாரிப்பு' என்று தயாரிப்பாளர் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழும் போகும். வீட்டுக் கருவிகளுக்காக 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரத்தில் இது கட்டாயம். புது விளக்கையோ பூட்டையோ சேர்க்கும்போது உங்கள் கைப்பேசி அந்தச் சான்றிதழைக் கேட்டுச் சோதிக்கிறது. போலிப் பூட்டு என்றால் அங்கேயே எச்சரிக்கை வரும். இதோடு ஒப்பிட்டால், வலையமைப்பில் 'மேக் முகவரி பார்த்துத்தான் விடுகிறோம்' என்று பெருமையாகச் சொல்வது சிரிப்பாக இருக்கும். மேக் முகவரி என்பது வலையமைப்பில் ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிச் சொல்லும் எண், 48 பிட்டில் எழுதிய இன்னொரு பெயர்ப்பலகை. மடிக்கணினியில் இரண்டு வரி தட்டினால் மாறிவிடும். நம் கைப்பேசிகளே இப்போது வைஃபைக்கு வைஃபை அதை மாற்றிக்கொள்கின்றன.

கருவி அசல் என்று தெரிந்துவிட்டால் நம்பிவிடலாமா? கூடாது. அசல் கருவியிலும் பழைய நிரல் ஓடினால் ஆபத்துதான். அதனால் இரண்டு கேள்வி: புதுப்பிப்புக் கோப்பு தயாரிப்பாளரின் கையெழுத்து இல்லாமல் ஏறுமா? புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும்? இரண்டாவது கேள்விக்கு "வாழ்நாள் முழுக்க" என்று பதில் வந்தால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். கேமராக்களைக் குடியிருப்பாளர்களின் வைஃபையோடு சேர்க்காமல் தனி வலையமைப்பில் வைப்பதும், அவை போக வேண்டிய முகவரிக்கு மட்டும் போக விடுவதும் பெரிய செலவில்லை. அசல் கேமராவாகவே இருந்தாலும் அது எதற்கு லிப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேச வேண்டும்?

கைப்பேசி ஆப்புக்கு வருவோம். 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு வெளியே வரச் சொன்னது. ஒருவருக்கு ஒரு கைப்பேசியில் மட்டும் அங்கீகாரம், புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருப்பு என்றும் சொன்னது. காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலிவு விலையில் வீடு சுத்தம் செய்கிறோம் என்று விளம்பரம், முன்பதிவுக்கு ஓர் ஏபிகே கோப்பு (ஆப் கடைக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு), அதைப் போட்டதும் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாம் இன்னொருவருக்குப் போகிறது. கவனியுங்கள், இங்கே ஆளும் அசல், கைப்பேசியும் அசல், எண்ணும் அசல். ஆனாலும் நம்ப முடியாது. யார் என்பது ஒரு கேள்வி, இந்த நிமிடம் நம்பலாமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறோம். உங்கள் ஆப், ரூட் செய்த, அதாவது உள் பாதுகாப்பை நீக்கிய, கைப்பேசியிலும் பேசாமல் கதவைத் திறக்கிறதா என்று ஒரு முறை சோதியுங்கள். யாராவது மோசடியில் பணம் இழந்துவிட்டால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

நிர்வாகக் கணக்கு, அதாவது எல்லாக் கதவையும் திறக்கக்கூடிய கணக்கு, கடவுச்சொல்லோடு மட்டும் இருக்கவே கூடாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியில் இருக்கும் ரகசியச் சாவி, அதாவது பாஸ்கீ, இருந்தால் அதைப் போடுங்கள். அதன் அழகு என்னவென்றால், தளம் உங்களைச் சோதிப்பது மாதிரி உங்கள் கைப்பேசியும் தளத்தின் முகவரியைப் பார்க்கிறது. போலித் தளம் எவ்வளவு அச்சாக இருந்தாலும் முகவரி வேறு என்பதால் சாவி வேலை செய்யாது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா என்ற கேமரா நிறுவனத்தில் ஓர் உச்ச நிர்வாகக் கணக்கின் விவரம் வெளியே கிடந்தது. அந்த ஒரு கணக்கை வைத்து மருத்துவமனை, சிறை, தொழிற்சாலை என்று ஒன்றரை லட்சம் கேமராக்களைப் பார்க்க முடிந்தது.

முகம் பார்க்கும் கதவு பற்றி என் அபிப்பிராயம்: கட்டாயமாக்காதீர்கள். அட்டை தொலைந்தால் வேறு அட்டை, முகம் களவு போனால் வேறு முகம் எங்கே வாங்குவது? 2024இல் திருத்திய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த மாதிரி உடல் அடையாளத் தரவைக் கூடுதல் கவனம் வேண்டிய வகையில் சேர்த்துவிட்டது. வெளிப்படையான ஒப்புதல் வாங்காமல் எடுக்காதீர்கள், அது எந்த நாட்டுச் சர்வரில் உட்கார்கிறது என்றும் கேளுங்கள். செயல்விளக்கத்துக்கு வரும்போது உங்கள் முகத்தை ஐபேடில் படமாகக் காட்டிப் பாருங்கள். திறந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தொலைந்த அட்டைக்கு வருகிறேன். மோதிரம் ஆற்றில் விழுந்ததும் சகுந்தலையைக் கட்டிய கணவனுக்கே அடையாளம் தெரியவில்லை. உங்கள் குடியிருப்பில் வாரத்துக்கு ஒருவராவது மோதிரத்தைத் தொலைப்பார். அப்போது அலுவலகத்தில் என்ன கேட்பீர்கள்? வீட்டு எண்ணும் ஐசி எண்ணும் சொன்னால் புது அட்டை என்றால், இத்தனை செலவும் வீண். திருட நினைப்பவன் கதவை உடைக்க வரமாட்டான், "அட்டை தொலைஞ்சு போச்சு மேடம்" என்று கவுண்டருக்கு வருவான். நேரில் வர வேண்டும், மைகார்டு படத்தையும் முகத்தையும் ஒப்பிட வேண்டும், வீட்டுக்காரரின் பதிவான எண்ணுக்கு நீங்களே அழைக்க வேண்டும், பழைய அட்டையை அந்த நிமிடமே ரத்து செய்ய வேண்டும்.

ரத்து செய்வதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு கட்டடத்தின் பராமரிப்பை இன்னொரு நிறுவனத்திடமிருந்து ஏற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட முதல் வாரம் பயனர் பட்டியலைத் திறந்து பார்க்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன். நான்காவது மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கிடங்குக் கதவு திறந்ததாகப் பதிவு. பெயர் 'இன்ஸ்டாலர் 2'. பழைய நிறுவனத்திலிருந்து எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கு, வெளியிலிருந்து நுழையும் வசதியோடு உயிரோடு இருந்தது. அதை அவரே பயன்படுத்தினாரா, கடவுச்சொல் வேறு யாரிடமாவது போனதா என்பது கடைசிவரை தெரியவில்லை. கிடங்கில் இரண்டு பெட்டி செம்புக் கம்பி குறைந்தது, அதற்கு நான்தான் பதில் சொன்னேன். அதிலிருந்து எந்தக் கட்டடத்திலும் முதல் நாள் முதல் வேலை, கணக்குப் பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆளைக் கேட்பது. ஆள் இல்லாத பெயர் அன்றே போகும். உங்கள் வாடகைக்காரர்களுக்கும் இதைச் செய்யுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியையே அட்டை முடியும் தேதியாகப் போட்டுவிட்டால் பாதி வேலை தானாக நடக்கும்.

ஆப் மட்டும்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகள் உங்கள் குடியிருப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நல்ல அட்டை ஒன்று போதும். கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்து, பேரன் நண்பனிடம் கொடுத்து என்று போகிற கதையைவிட அது மேல்.

ஒன்று செய்யுங்கள். இப்போதிருக்கிற ரீடரின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஒட்டுவில்லை இருக்கும், மாடல் எண்ணோடு. அதையும், நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளியில் அட்டை, ரீடர், கட்டுப்பாட்டுப் பெட்டி என்ற மூன்று வரிகளையும் படமெடுத்துப் போடுங்கள். விலையை மறைத்துவிடலாம். எந்தெந்த வரியில் கேள்வி கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.